நம்பிய தளத்தின் வாசலில் தடை: குற்றவாளி யார்?

கல்லூரியில் சேர விண்ணப்பம் அனுப்ப அன்றுதான் கடைசி நாள்.

மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இருக்கிறாள். மதிப்பெண் பட்டியல், சான்றிதழ், போட்டோ எல்லாம் பக்கத்தில் தயாராக இருக்கின்றன. கல்லூரியின் இணையதள முகவரியை அவள் தட்டுகிறாள்.

தளம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஓர் எச்சரிக்கை வருகிறது. "இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல. உங்கள் ரகசியங்களை யாராவது திருடக்கூடும்" என்பது அதன் கருத்து.

நேற்று வரை திறந்த தளம் அது!

"வைரஸ் வந்துவிட்டது" என்கிறார், அப்பா.

"கீழே சின்ன எழுத்தில் ஒரு வழி இருக்கிறது. அதை அழுத்தி உள்ளே போய்விடலாம்" என்கிறான், அண்ணன்.

"பணம் கட்டுகிற இடம். கொஞ்சம் பொறுங்கள்" என்கிறார், அம்மா.

மூன்று பேர், மூன்று கருத்து. இவர்களில் யார் சொல்வது சரி?

இதே காட்சி இன்று எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. பென்ஷன், மின்சாரக் கட்டணம், ரெயில் டிக்கெட், பாங்கிக் கணக்கு, பரீட்சை முடிவு எல்லாம் இணையதளத்துக்குப் போய்விட்டன. அந்த வாசல் அடைத்துக்கொண்டால் குடும்பத்தின் வேலை நின்றுவிடுகிறது. ஆகவே வாசல் ஏன் அடைத்துக்கொள்கிறது என்பதை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

காவல்காரன் பார்ப்பது என்ன?

இணையதளங்களைத் திறந்து காட்டும் கருவிக்கு பிரவுசர் என்று பெயர். குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ், சபாரி ஆகியவை பிரவுசர்கள்.

பிரவுசர் வெறும் கண்ணாடி அல்ல. அது ஒரு காவல்காரன்.

வீட்டுக்கு ஒருவர் வருகிறார். "மின்சார மீட்டர் பார்க்க வந்திருக்கிறேன்" என்கிறார். விவரமான வீட்டுக்காரர் என்ன செய்வார்? "அடையாள அட்டையைக் காட்டுங்கள்" என்பார். அட்டையில் மூன்று விஷயங்களைப் பார்ப்பார். பெயர் சரியா? தேதி முடிந்துவிட்டதா? முத்திரை உண்மையானதா?

பிரவுசரும் இதையேதான் செய்கிறது. ஒவ்வொரு தளமும் ஒரு மின்னணுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அதில் தளத்தின் பெயர் இருக்கும். எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். சான்றிதழ் கொடுத்த அமைப்பின் முத்திரையும் இருக்கும். எந்தெந்த அமைப்புகளின் முத்திரையை நம்பலாம் என்று பிரவுசரிடம் ஒரு பட்டியல் உண்டு.

மூன்றில் ஒன்று தவறினாலும் பிரவுசர் கதவை அடைத்துவிடும்.

அதற்குப் பொருள், "இந்தத் தளம் திருடனுடையது" என்பது அல்ல. "வந்திருப்பவர் யார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை" என்பதுதான். இந்த வேற்றுமையைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

"நிச்சயமாகத் தெரியவில்லை என்றால் பரவாயில்லை, உள்ளே போவோம்" என்று நினைக்கலாமா?

அதற்குப் பதில் 2011-ம் ஆண்டில் நடந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது.

முத்திரை ஆபீசில் திருட்டு

ஐரோப்பாவில் உள்ள நெதர்லாந்து நாட்டில் டிஜிநோட்டார் என்று ஒரு கம்பெனி இருந்தது. சான்றிதழ் கொடுப்பதுதான் அதன் தொழில். அந்த நாட்டு சர்க்காரின் தளங்களுக்கும் அது சான்றிதழ் கொடுத்து வந்தது.

2011-ம் ஆண்டு ஜூன் மாதம் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்குள் யாரோ ரகசியமாக நுழைந்தார்கள். ஜூலை 10-ந் தேதி, கூகுளின் பெயரில் ஒரு கள்ளச் சான்றிதழைத் தயாரித்தார்கள். அதோடு நிற்கவில்லை. மொத்தம் 500-க்கு மேற்பட்ட கள்ளச் சான்றிதழ்கள் தயாராயின.

சான்றிதழ் கள்ளம். ஆனால் முத்திரை உண்மையானது! முத்திரை குத்தும் ஆபீசிலேயே திருட்டு நடந்துவிட்டது.

ஜூலை மாதமே இது கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. கண்ணில் பட்ட சில சான்றிதழ்களை ரத்து செய்தார்கள். ஆனால் ஊருக்குச் சொல்லவில்லை. மூடி மறைத்தார்கள்.

ஆகஸ்டு மாதம். ஈரான் நாட்டில் ஜனங்கள் வழக்கம்போல் ஜிமெயிலைத் திறந்தார்கள். அவர்கள் போனது உண்மையான கூகுளுக்கு நேராக அல்ல. நடுவில் ஒருவன் உட்கார்ந்து, கூகுள் போல வேஷம் போட்டுக்கொண்டு இருந்தான். அவன் கையில் அந்தக் கள்ளச் சான்றிதழ் இருந்தது. பெயர் சரி. தேதி சரி. முத்திரையும் சரி. ஆகவே பல பிரவுசர்கள் அவனை உள்ளே விட்டுவிட்டன. வாசலில் எந்தத் தடையும் இல்லை. கடிதங்களை அவன் படிக்க முடியும். ரகசியச் சொற்களை எடுக்க முடியும்.

குரோம் பிரவுசர் மட்டும் ஏமாறவில்லை. அது கூகுள் கம்பெனியே தயாரித்தது. கூகுளின் சான்றிதழ் எங்கிருந்து வரும் என்பது அதற்கு முன்பே சொல்லி வைக்கப்பட்டு இருந்தது. "இது நம் வீட்டுச் சாவி அல்ல" என்று அது கதவை அடைத்தது.

ஈரான் நாட்டுக்காரர் ஒருவர் அந்த எச்சரிக்கையைப் பார்த்தார். "இது ஏன் வருகிறது?" என்று கூகுளிடம் கேட்டார்.

அந்த ஒரு கேள்விதான் குட்டை உடைத்தது. ஆகஸ்டு மாதக் கடைசியில் உலகத்துக்கே விஷயம் தெரிந்தது. சுமார் 3 லட்சம் இணைய இணைப்புகள் அந்தக் கள்ளச் சான்றிதழின் வலையில் விழுந்திருந்தன என்று பின்னர் விசாரணையில் வெளிவந்தது. அவற்றில் நூற்றுக்கு 99-க்கு மேல் ஈரானில் உள்ளவை.

வாசல் அடைபட்டவர்கள் தப்பினார்கள். வாசல் திறந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

மந்திரியின் நள்ளிரவுப் பேட்டி

டிஜிநோட்டாரின் முத்திரையை இனி நம்பவேண்டாம் என்று பிரவுசர் கம்பெனிகள் முடிவு செய்தன. அந்தப் பெயரைப் பட்டியலில் இருந்து அடித்தன.

இப்போது வேறு ஒரு சங்கடம் வந்தது. அந்தக் கம்பெனியிடம் நியாயமாகச் சான்றிதழ் வாங்கிய நல்ல தளங்களும் தடைபட்டன!

செப்டம்பர் 3-ந் தேதி, நள்ளிரவு கடந்த வேளையில், நெதர்லாந்தின் உள்நாட்டு மந்திரி டோனர் நிருபர்களைக் கூட்டினார். சர்க்காரின் சொந்த இணையதளங்களுக்கே பாதுகாப்பு உத்தரவாதம் கொடுக்க முடியாது என்று அறிவித்தார். கம்பெனியின் நிர்வாகத்தை சர்க்கார் கையில் எடுத்துக்கொண்டது. பழைய சான்றிதழ்களை மாற்றுவதற்காக, தன் தடையை நெதர்லாந்தில் மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போட மைக்ரோசாப்ட் கம்பெனி ஒப்புக்கொண்டது. அதே மாதம் 20-ந் தேதி டிஜிநோட்டார் திவாலாயிற்று.

கம்பெனியின் முக்கியமான கம்ப்யூட்டர்களில் வைரஸ் தடுப்புக்கூட இல்லை என்று விசாரணை செய்தவர்கள் எழுதினார்கள். ரகசியச் சொல்லும் எளிதில் கண்டுபிடிக்கக்கூடியதாக இருந்தது.

இந்தியாவிலும் நடந்தது

இது ஏதோ தூர தேசத்துக் கதை என்று நினைக்கவேண்டாம்.

2014-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி, கூகுளின் பெயரில் அதன் அனுமதி இல்லாத சான்றிதழ்கள் இருப்பதை கூகுள் கண்டுபிடித்தது. அவற்றைக் கொடுத்தது, டெல்லியில் உள்ள தேசிய தகவலியல் மையம். மத்திய சர்க்காரின் கம்ப்யூட்டர் வேலைகளைக் கவனிக்கும் அமைப்பு அது. மறுநாளே, சான்றிதழ் அமைப்புகளை மேற்பார்வை செய்யும் இந்திய அதிகாரி, அந்த மையத்தின் சான்றிதழ் அதிகாரங்களை ரத்து செய்தார். பின்னர், இந்திய முத்திரையைக் குறிப்பிட்ட சில இந்தியத் தள முகவரிகளுக்கு மட்டுமே ஏற்பது என்று குரோம் கட்டுப்பாடு விதித்தது.

பிரவுசரின் எச்சரிக்கையை ஏன் அலட்சியம் செய்யக்கூடாது என்பதற்கு இவை சாட்சி.

நல்லவர்களும் மாட்டுவது எப்படி?

ஆனால் எச்சரிக்கை வரும்போதெல்லாம் திருடன் இருப்பதில்லை. பெரும்பாலும் சோம்பேறித்தனமும் மறதியும்தான் காரணம்.

2018-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி அமெரிக்காவில் பட்ஜெட் தகராறினால் சர்க்கார் ஆபீசுகள் பல மூடப்பட்டன. 35 நாள் பூட்டிக் கிடந்தன. அந்தச் சமயத்தில் தேதி முடிந்த சான்றிதழ்களைப் புதுப்பிக்க ஆள் இல்லை. 80-க்கு மேற்பட்ட சர்க்கார் சான்றிதழ்கள் காலாவதியாகிக் கிடந்தன. விண்வெளி ஆராய்ச்சி செய்யும் நாசாவின் தளமும், நீதி இலாகாவின் தளமும் தப்பவில்லை. ராக்கெட் விடுபவர்களுக்கும் சான்றிதழ் தேதி தப்பிவிட்டது!

2021-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி இன்னொரு விதமான தொல்லை. 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்பது இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கும் அமைப்பு. அதற்கு ஆதாரமாக இருந்த ஒரு பழைய முத்திரை அன்று காலாவதி ஆயிற்று. புதிய கருவிகளில் புது முத்திரை இருந்தது. பல ஆண்டுகள் புதுப்பிக்கப்படாத கம்ப்யூட்டர்களிலும் ஐபோன்களிலும் அது இல்லை. அவற்றில் நல்ல தளங்களும் அடைபட்டன. தளத்தின்மேல் தவறு இல்லை. கருவிதான் கிழடு தட்டிவிட்டது.

காவல்காரனே தவறு செய்த நாளும் உண்டு. 2009-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி, இந்திய நேரப்படி இரவு சுமார் 8 மணி. கூகுளில் எதைத் தேடினாலும், வந்த ஒவ்வொரு தளத்தின் பக்கத்திலும் "இது உங்கள் கம்ப்யூட்டருக்குக் கேடு செய்யலாம்" என்று வந்தது. கெட்ட தளங்களின் பட்டியலில் ஒரு ஊழியர் தவறுதலாக ஒரு சாய்வுக் கோட்டை மட்டும் சேர்த்துவிட்டார். அந்தக் கோடு எல்லா முகவரியிலும் இருப்பது. ஒரு மணி நேரத்துக்குள் தவறைத் திருத்தினார்கள்.

ஆயுள் குறைகிறது

இனிமேல் இந்தத் தடைகள் குறையுமா, கூடுமா?

சான்றிதழ் அமைப்புகளும் பிரவுசர் கம்பெனிகளும் சேர்ந்த கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. 2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அது ஒரு முடிவு எடுத்தது. 2020-ம் ஆண்டு முதல் சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 398 நாள் என்று இருந்தது. புதிய விதிப்படி, 2026 மார்ச் 15-ந் தேதி முதல் அது 200 நாள். 2027 மார்ச் 15-ந் தேதி முதல் 100 நாள். 2029 மார்ச் 15-ந் தேதி முதல் 47 நாள்.

இது ஏன்? சான்றிதழ் களவு போனாலும், தவறாகக் கொடுக்கப்பட்டாலும், அது நீண்ட நாள் உயிரோடு இருக்கக்கூடாது என்பதற்காக.

நல்ல நோக்கம்தான். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்தவர்கள், ஆண்டுக்குப் பல முறை புதுப்பிக்க வேண்டும். இயந்திரம் தானாகவே புதுப்பிக்கும்படி ஏற்பாடு செய்தவர்களுக்குக் கவலை இல்லை. காலண்டரில் குறித்து வைத்து, கையால் புதுப்பிக்கும் ஆபீசுகள்தான் கோட்டை விடும். கோட்டை விடும் ஒவ்வொரு நாளும் ஜனங்களுக்கு வாசல் அடைபடும்.

என்ன செய்ய வேண்டும்?

தவறு மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்க முடியும். நம் கருவியில், நடுவழியில், அல்லது தளத்தில். எங்கே என்று கண்டுபிடிக்க என்ஜினீயர் தேவை இல்லை. கீழ்க்கண்டபடி வரிசையாகப் பார்த்தால் போதும்.

1. எச்சரிக்கையைப் படியுங்கள். பக்கம் முழுவதும் சிவப்பாக இருந்து, "ஏமாற்றுத் தளம்" என்ற பொருளில் எழுதியிருந்தால், அது சான்றிதழ் தகராறு அல்ல. கெட்ட தளங்களின் பட்டியலில் அந்த முகவரி சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். நல்ல தளத்துக்குள் திருடன் புகுந்திருந்தாலும் இது வரும். உடனே திரும்பி வந்துவிடுங்கள்.

2. முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு தளம்.

3. கருவியின் தேதியையும் மணியையும் பாருங்கள். தேதி பின்னால் போயிருந்தால், நல்ல சான்றிதழும் "இன்னும் தொடங்கவில்லை" என்று பிரவுசருக்குத் தோன்றும். முன்னால் போயிருந்தால் "முடிந்துவிட்டது" என்று தோன்றும். சில பிரவுசர்கள் "கடிகாரம் தவறு" என்று தாங்களே சொல்லிவிடும்.

4. வழியை மாற்றுங்கள். வீட்டு 'வைபை'யை விட்டு செல்போன் இணைப்பில் பாருங்கள். ஸ்டேஷன், ஓட்டல் போன்ற இடங்களில் உள்ள பொது வைபையில், முதலில் பதிவு செய்யச் சொல்லும் பக்கம் குறுக்கே நிற்பதாலும் தடை வரும். வழியை மாற்றியதும் தளம் திறந்தால், தவறு நடுவழியில்.

5. கருவியை மாற்றுங்கள். வேறு போனில் திறக்கிறது, இதில் மட்டும் திறக்கவில்லை என்றால், தவறு இந்தக் கருவியில். பிரவுசரையும் கருவியின் மென்பொருளையும் புதுப்பியுங்கள். பிரவுசரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் துணைக்கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். சேர்த்து வைத்த பழைய தகவல்களை அழியுங்கள். சில வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் நடுவில் புகுந்து சான்றிதழைப் பரிசோதிப்பதும் உண்டு. அதனாலும் தகராறு வரும். அதையும் புதுப்பியுங்கள்.

6. எல்லா இடத்திலும் அடைபட்டால், தவறு தளத்தில். நம்மால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. அந்த ஆபீசுக்குத் தெரிவியுங்கள். டெலிபோன் நம்பரை பாஸ்புத்தகத்திலோ, ரசீதிலோ பார்த்து எடுங்கள். இணையத்தில் தேடி முதலில் வரும் நம்பரை நம்பவேண்டாம்.

செய்யக்கூடாதவை

ரகசியச் சொல்லோ, ஓ.டி.பி.யோ, பணமோ கேட்கும் இடத்தில் எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போகக்கூடாது. சில தளங்களில் தாண்டிப் போகும் வழியே இருக்காது. "சந்தேகம் வந்தால் யாரையும் விடாதே" என்று அந்தத் தளமே பிரவுசருக்கு முன்கூட்டி உத்தரவு போட்டிருக்கும். அது ஜனங்களின் நன்மைக்காகத்தான்.

"இந்தச் சான்றிதழைப் போட்டுக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்" என்று முன்பின் தெரியாதவர் அனுப்புவதை ஏற்றக்கூடாது. அது திருடனின் முத்திரையை நாமே நம்பிக்கைப் பட்டியலில் சேர்ப்பதற்குச் சமம். "நான் சரிசெய்கிறேன்" என்று போனில் பேசுகிறவரிடம் கம்ப்யூட்டரை ஒப்படைக்கவும் கூடாது. பணம் பறிபோயிருந்தால், 1930 என்ற நம்பருக்கு உடனே போன் செய்யவேண்டும். இது இந்தியா முழுவதற்கும் உரிய உதவி எண்.

இன்னொன்று. தடை வராவிட்டால் தளம் யோக்கியமானது என்று நினைத்துவிடக்கூடாது. பூட்டுப் படம் தெரிந்தால், நடுவில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்பதுதான் பொருள். எதிர்ப்பக்கம் இருப்பவர் நல்லவர் என்று பூட்டு சொல்லாது. மோசக்காரனும் தன் தளத்துக்குச் சான்றிதழ் வாங்கலாம். பூட்டை ஜனங்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே, 2023-ம் ஆண்டில் குரோம் பிரவுசர் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது.

ஆபீசுகளின் கடமை

எல்லாப் பொறுப்பையும் ஜனங்கள் தலையில் கட்டுவது நியாயம் அல்ல.

தளம் அடைபட்டது என்று புகார் சொன்னால், "அதைப் பொருட்படுத்தாதீர்கள். கீழே அழுத்தி உள்ளே வாருங்கள்" என்று பதில் சொல்லும் ஆபீசுகள் உண்டு. இதைவிடப் பெரிய கெடுதல் இல்லை. இன்று நல்ல தளத்தில் எச்சரிக்கையைத் தாண்டப் பழகியவர், நாளை கள்ளத் தளத்திலும் தாண்டுவார். காவல்காரன் கத்தும்போதெல்லாம் "சும்மா கத்துகிறான்" என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்தால், திருடன் வரும் நாளில் யார் எழுந்திருப்பார்கள்?

சான்றிதழைத் தானாகப் புதுப்பிக்க ஏற்பாடு செய்வது ஆபீசின் கடமை. தளம் அடைபட்டால் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். கடைசி நாளில் அடைபட்டால், அந்த நாளை நீட்டித்துக் கொடுக்க வேண்டும். ஏனென்றால், தவறு அவர்களுடையது. நஷ்டம் மட்டும் ஒரு மாணவிக்கு ஆகலாமா?

அந்த வீட்டில்...

கடைசி நாளில் தவித்த அந்த மகள் என்ன ஆனாள்?

அம்மா சொன்னபடி கொஞ்சம் பொறுத்தார்கள். பாங்கியின் தளத்தைத் திறந்து பார்த்தார்கள். அதுவும் அடைபட்டது. அப்பாவின் செல்போனில் பார்த்தார்கள். இரண்டு தளங்களும் திறந்தன. அப்படியானால் தவறு கம்ப்யூட்டரில்!

திரையின் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தாள், மகள். 2015-ம் ஆண்டு, ஜனவரி 1-ந் தேதி!

இரவில் கரண்ட் போயிருந்தது. உள்ளே கடிகாரத்தை ஓட்டும் சின்ன பாட்டரி தீர்ந்துபோய் இருந்தது. கம்ப்யூட்டர் பத்து வருஷத்துக்கு மேல் பின்னால் போய்விட்டது. அதன் கணக்குப்படி, கல்லூரியின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை.

தேதியைத் திருத்தினார்கள். தளம் திறந்தது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

அந்த பாட்டரியை மாற்ற அதிகச் செலவு ஆகாது. அவசரப்பட்டுக் குறுக்கு வழியில் போயிருந்தால், அந்த வீட்டுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்திருக்கும். அதற்குத்தான் விலை அதிகம்.